மகாராணி சாப்பிடவில்லை

மார்ச் 6

தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரித்தால் நீ பல்லைக் கடிப்பாய், விசாரிக்காவிட்டால் நாலு பேர் என்னைப் பேசுவார்கள். ஆகவே விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் அறை வீட்டுக்காரர் போன வாரம் நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். கண் பரிசோதனைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், “உங்க தம்பி ஜெயிலுக்குப் போயிட்டாரு. அவரு வளர்க்கிற பூதத்த யாரு பாத்துக்கறது?” என்று சத்தமாகக் கேட்டார். லென்ஸ் தீட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே போனேன். இரண்டு பை துணி, உன் கருவிப் பெட்டி, அப்புறம் அந்தக் கண்ணாடிப் பெட்டி. மூன்றையும் எடுத்து வந்துவிட்டேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

ஓணானாக இருந்தாலாவது பரவாயில்லை. உள்ளங்கை அகலத்துக்கு மயிர் முளைத்த சிலந்தி! அதை வைத்திருக்கும் அறைக்குள் உன் அத்தான் கால் வைப்பதையே விட்டுவிட்டார். அவர் சட்டைகளெல்லாம் அந்த அறை அலமாரியில்தான் இருக்கின்றன. தினமும் காலையில் வாசற்படியில் நின்றுகொண்டு, “அந்த நீலத்த எடு” என்று எனக்கு உத்தரவு போடுகிறார்.

விஷயம் இதுதான். அது சாப்பிடவில்லை. நீ உள்ளே போன நாளிலிருந்து வீட்டுக்காரர் போட்டதையும் தொடவில்லையாம். நான் வளர்ப்பு மீன் கடையில் சுவர்க்கோழிப் பூச்சி வாங்கிப் போட்டேன். பூச்சி அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது. உன் சிலந்தி ஏன் என்று கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. செத்தால் பழி எனக்கு வரும்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 19

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். மூன்று வேளையும் மணியடித்துச் சோறு போடுகிறார்கள்.

தாங்கள் சிரமம் எடுத்துக்கொண்டது பற்றி அறிந்தேன். நான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், ஆகவே ஒன்பது விஷயங்களைச் சொல்கிறேன். பெட்டி மீது வெயில் படக் கூடாது. கொசு மருந்து அந்த அறையில் அடிக்கக் கூடாது. பாட்டில் மூடியில் தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். பெட்டிக்குள் பரப்பிய தேங்காய் நார்த்தூளின் ஒரு மூலை மட்டும் ஈரமாக இருக்கட்டும். தின்னாத சுவர்க்கோழியை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள். பெட்டியை ஆட்டாதீர்கள். மூடியின் கொக்கியை மாட்டுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், பின்னங்காலால் முடியை உதறும், ஒரு வாரம் அரிக்கும். ஒன்பதாவது, அதனிடம் பேச வேண்டாம். அதற்குக் காது கிடையாது. தங்களுக்குப் பேசாமல் இருப்பது கஷ்டம் என்று தெரியும். வேண்டாத இடத்தில் பேசுவீர்கள்.

அவள் பெயர் மகாராணி. எட்டு வருஷம் வளர்த்தேன். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி என் கையால் கடைசியாகச் சாப்பிட்டாள். அவள் பட்டினி கிடந்தாலும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சாட்சி சொல்ல மாட்டாள்.

அத்தான் நலமா? தங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நலமா?

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக் (வேலை நீக்கப்பட்டவன்)


ஏப்ரல் 10

தம்பிக்கு,

எல்லோரும் நலம். மரியாதைக்குரிய அக்கா, அவர்கள், தாங்கள்! நீ நாலாம் வகுப்பில் பேன் பிடித்துத் தலையை மழித்துக்கொண்டு வந்தபோது உன்னை முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள் நான். “சிரிக்கிறாங்க அக்கா, நீயும் கூட உக்காரு” என்று அழுதவன் இப்போது தாங்கள் என்கிறான். நடத்து.

நீ சொன்ன ஒன்பதையும் செய்தேன். மகாராணி சாப்பிடவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். உன் பிள்ளை ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

சாட்சி பற்றி ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். இனிமேல் எழுத மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டடத்தின் லிஃப்டைச் சோதிக்க வேண்டியது உன் வேலை. சோதித்ததாக அட்டையில் கையெழுத்துப் போட்டாய். ஒன்பதாம் நாள் லிஃப்ட் விழுந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. “கையெழுத்துப் போட்ட அன்னிக்கு உங்க தம்பி எங்கே இருந்தார்?” என்று அரசு வக்கீல் கேட்டார். “எங்க வீட்ல” என்றேன். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை நீ எங்கள் வீட்டில்தான் இருந்தாய். பொய் சொல்லச் சொல்கிறாயா?

இப்படிக்கு,
அக்கா


மே 28

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையை முழுசாகச் சொல்லியிருக்கலாம்.

தங்கள் கடிதத்தைக் கொடுக்கும் முன் கடிதம் படிக்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“யாருப்பா இந்த மகாராணி? ஏன் சாப்பிடல? சங்கேத பாஷையா?”

“சிலந்தி சார்.”

“சிலந்தியா?”

“டாரண்டுலா சார். உள்ளங்கை அகலம் இருக்கும்.”

உறைக்குள்ளிருந்து அது எட்டிப் பார்ப்பதுபோல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அதன் பிறகு வாரம் ஒருமுறை “சாப்டுச்சாப்பா?” என்று கேட்கிறார். என்னைப் பார்க்க யாரும் வராத இடத்தில் அவளைப் பற்றி விசாரிக்க ஒரு ஆளாவது இருக்கிறார்.

என்னைத் துணி வெளுக்கும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். நீராவியில் கை தோல் உரிகிறது. அதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவள் வயிறு சுருங்கியிருக்கிறதா, உப்பலாக இருக்கிறதா? வயிற்றின் மேல் முடி உதிர்ந்த வழுக்கை கறுத்திருக்கிறதா? கிட்டப் போய்ப் பார்த்து எழுதவும். தைரியம் இருந்தால்.

மோட்டார் நலமா?

இப்படிக்கு,
மேற்படியான்


ஜூன் 9

தம்பிக்கு,

நலம். தைரியத்தைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கடையிலிருந்து பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எட்டுக் கண்ணும் உச்சந்தலையில் ஒரு மிளகு அளவு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இத்தனை கண் இருந்தும் ஒன்றும் பார்க்காத பார்வை. வயிறு உப்பலாகத்தான் இருக்கிறது. வழுக்கை மங்கலாக இருக்கிறது, கறுப்பு என்று சொல்ல முடியாது. தண்ணீர் மட்டும் குடிக்கிறது. மூடியின் மேல் தலையைக் கவிழ்த்து அரை மணி நேரம் அப்படியே கிடக்கும்.

நாலரை மாதம் ஆகிவிட்டது. நம் குடும்பத்துச் சோற்றைத் தின்ற ஜந்து, வேறு எப்படி இருக்கும்? வீம்பு!

உன் அத்தான் நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார். “இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.” “அது சத்தம் போடாது” என்றேன். ராத்திரிச் சாப்பாட்டை அவர் ஓட்டலில் முடித்துக்கொண்டார். இப்போது வீட்டில் இரண்டு பேர் சாப்பிடுவதில்லை.

கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு. அங்கே கிடைக்குமா?

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா அவர்களுக்கு,

நலம். இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

இன்னும் சாப்பிடவில்லை என்றால் தூக்கி எறிந்துவிடுங்கள். தங்களுக்கும் நிம்மதி, அத்தானுக்கும் நிம்மதி.

எறிய வேண்டாம்.

தேங்காயெண்ணெய் கிடைக்காது. மோட்டாரைப் பற்றி இரண்டு முறை கேட்டும் தாங்கள் பதில் எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

மேற்படியான்


செப்டம்பர் 14

தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை.

மகாராணி போய்விட்டது. இன்று காலை பார்த்தபோது மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. பெட்டியைத் தட்டினேன், ஊதினேன், அசையவில்லை. உன் அத்தான் வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்து, “போயிடுச்சா?” என்றார். குரலில் சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை. பெட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்த அறைக்குள் அவர் நுழைந்ததே ஏழு மாதத்தில் இன்றுதான்.

நீ சொன்ன ஒன்பதில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. நீ நம்ப மாட்டாய். வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்க்க இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அக்கா


செப்டம்பர் 15

தம்பி,

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடு. சாகவில்லை! சாகவில்லைடா!

கடையில் வேலையே ஓடவில்லை. ஒரு லென்ஸைத் தப்பாகத் தீட்டி உடைத்தேன். எட்டு வருஷம் வளர்த்ததைக் குப்பை லாரியிலா அனுப்புவது, ஒரு தொட்டியிலாவது புதைக்கலாம் என்று மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். பெட்டி அங்கேயே இருந்தது. நல்லவேளை, லாரி வரவில்லை. மூடியைத் திறக்கப் போனேன், ஒரு கால் துடித்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து மீன் கடைக்காரருக்கு போன் போட்டேன். “அம்மா, கைய வைக்காதீங்க, தோல் உரிக்குது, விலகி நில்லுங்க” என்று கத்தினார்.

இரண்டு மணி நேரம் படிக்கட்டிலேயே இருந்தேன். மார்பு மூடி டப்பா மூடிபோலத் திறந்துகொண்டது. இறுக்கமான கையுறையிலிருந்து விரலை இழுப்பதுபோல ஒவ்வொரு காலாக இழுத்தது. இழுத்துவிட்டு ஓய்வெடுக்கும், பிறகு மறுபடி இழுக்கும். மாடிப்படியில் ஏறிப் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் வெளியே வந்தது பார், பல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று, உடம்பு பட்டுப்போல, பழைய தோல் பக்கத்தில் இன்னொரு சிலந்திபோலக் கிடந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். “உயிரோட இருக்கு” என்றேன். உன் அத்தான் தன் சட்டைகளை எல்லாம் எடுத்து வேறு அறைக்கு மாற்றிக்கொண்டார்.

அக்கா


செப்டம்பர் 21

அக்கா,

முதலில் அதிகாரி கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் உன் பதினாலாம் தேதிக் கடிதத்தை நீட்டினார். “மனச தேத்திக்கப்பா” என்றார்.

மல்லாந்து கிடந்தால் சாகவில்லை! சிலந்தி செத்தால் காலை மடக்கிக்கொண்டு குப்புறக் கிடக்கும். மல்லாந்தால் தோல் உரிக்கிறது என்று அர்த்தம். எட்டு மாதம் சாப்பிடாமல் இருந்தது அதற்குத்தான். நீ உயிரோடு குப்பையில் போட்டிருக்கிறாய். அத்தான்மேல் பழியைப் போடாதே. தூக்கியது அவர், பார்த்துக்கொண்டு நின்றது நீ. நிற்பதில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது. கூண்டில் நின்றாயே, அதுபோல.

“உங்க வீட்டுக்கு எதுக்கு வந்தார்?” என்று அரசு வக்கீல் கேட்டார். நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “சும்மா வந்திருந்தான்” என்றாய். சும்மா! காலை ஒன்பது பத்துக்கு நான் அந்தக் கட்டடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் கருவிப் பை. நீதான் போன் போட்டாய். “மோட்டார் நிக்கலடா, தொட்டி வழிஞ்சு வீடெல்லாம் தண்ணி, உடனே வா” என்றாய். வாசல்வரைக்கும் போனவன் திரும்பினேன். வேலை நேரத்தில் ஊர் சுற்றியவன் என்று நீதிபதி எழுதினார். அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லியிருந்தால் அப்படி எழுதியிருப்பாரா?

மூன்று கடிதத்தில் மோட்டாரைக் கேட்டேன். வாயைத் திறந்தாயா?

இனி எழுதாதே.


அக்டோபர் 12

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நான் அடுத்த நாள் எழுதிய கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும்.

இந்தத் தடவை என்னை நீ என்று எழுதியிருக்கிறாய். திட்டுவதற்காவது அக்கா ஆனேனே.

மோட்டார் ஓடுகிறது. அன்று நீ சரி செய்ததிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதன் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். கூண்டில் ஏறியபோது சொல்லத்தான் நினைத்தேன். எதிரில் அந்த அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்டதால் வந்தான் என்று சொன்னால் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார் என்று தோன்றியது. அந்தப் பார்வையை உன் பக்கமே விட்டுவிட்டேன். வாயில் சும்மா என்று வந்தது. இதற்கு மேல் அழகுபடுத்திச் சொல்ல எனக்குத் தெரியாது.

போன வாரம் உன் வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதனால தண்டனை குறையாதும்மா. அவரு சோதிக்காம கையெழுத்துப் போட்டாரு, அது அப்படியேதான இருக்கு” என்றார். பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நானும் ஒன்று கேட்பேன். மோட்டார் பார்க்கத்தான் கூப்பிட்டேன். அட்டையில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கூப்பிட்டேனா? மல்லாந்தால் தோல் உரிக்கிறது என்று இப்போது எழுதுகிறாயே, மார்ச்சில் எழுத உன் கை எங்கே போயிற்று? எனக்குக் காது உண்டு, சொன்னால் கேட்டிருப்பேன்.

மகாராணி அக்டோபர் எட்டாம் தேதி சாப்பிட்டது. சுவர்க்கோழியைப் போட்டுக் கண்ணிமைப்பதற்குள் பாய்ந்தது. நான் அலறிய அலறலில் உன் அத்தான் ஓடி வந்துவிட்டார். வாசற்படியில் நின்று முழுசாகப் பார்த்தார். “நல்லாத்தான் சாப்பிடுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா


டிசம்பர் 2

அக்காவுக்கு,

நலம். அங்கே நலமா?

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தேன். உன்னைத் திட்டி இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றாவது இது.

மார்ச்சில் அந்த ஒன்பதை எழுதும்போது பத்தாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். உன்மேல் இருந்த கோபத்தில் வேகமாக எழுதினேன். மறுபடி படித்துப் பார்க்கவில்லை. எல்லாம் எழுதியாயிற்று என்று மூடி ஒட்டினேன். அதிகாரி கூடக் கேட்டார். “ஏம்ப்பா, இவ்ளோ முக்கியமான விஷயத்த முன்னாடியே சொல்லலையா?” அந்த அட்டையிலும் அப்படித்தான் செய்தேன் அக்கா. பிரேக், கயிறு, கதவு, எல்லாவற்றுக்கும் நேராகச் சரி, சரி, சரி என்று கோடு இழுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. அன்று நாலு மணிக்கே உன் மோட்டார் ஓடிவிட்டது. அந்தக் கட்டடம் ஏழு மணிவரை திறந்திருக்கும். நீகூட “போகணுமாடா?” என்று கேட்டாய். “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த அட்டையில் அன்றைய தேதியில் கையெழுத்தைப் போட்டு, உன் வீட்டு நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டேன். நீ கூப்பிட்டது காலையில். நான் போகாதது சாயந்திரம். இத்தனை நாளும் காலையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்காக நீ சொன்ன சும்மாவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது அப்படியேதான் இருக்கிறது.

நன்னடத்தைக்காகத் தண்டனையில் கொஞ்ச நாளைக் குறைத்து, ஜனவரி ஐந்தாம் தேதி காலையில் வெளியே விடுகிறார்கள். வாசலுக்கு வராதே. வீட்டுக்கும் நேராக வர மாட்டேன். முதலில் அந்த அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. வக்கீலிடம் முகவரி இருக்கும். வாங்கி எழுத முடியுமா?

தம்பி


டிசம்பர் 15

தம்பிக்கு,

இங்கு நலம். கை தோல் ஆறியதா?

நீயும் என்னை மன்னிக்க வேண்டாம், நானும் உன்னை மன்னிக்கவில்லை. சிலந்தியைக் காரணம் காட்டி ஒரு வருஷம் சண்டை போட்டாயிற்று. வா, மீதியை நேரில் போட்டுக்கொள்ளலாம்.

முகவரிக்கு வக்கீலிடம் போக வேண்டியதில்லை. வழி எனக்கே தெரியும். ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உனக்கு எழுதவில்லை, எழுதினால் உனக்காகப் போகிறேன் என்று நினைப்பாய். முதல் இரண்டு தடவை அவர் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாம் தடவை திறந்து, “உன் தம்பி அனுப்பிச்சானா?” என்று கேட்டார். “இல்ல” என்றேன். “அப்ப நீ எதுக்கு வர்ற?” என்று கேட்டார். அந்த இடத்தில் என்னால் சும்மா என்று சொல்ல முடியவில்லை. போன் போட்டது நான்தான் என்று சொன்னேன். கதவைச் சாத்திவிட்டார். அடுத்த மாதம் மறுபடி திறந்தார். இப்போது உள்ளே விடுகிறார், பேச மாட்டார். ஒரு நாள் அவருடைய கண்ணாடி கீறலாக இருப்பதைப் பார்த்து வாங்கி வந்து லென்ஸ் மாற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

நீ வருவாய் என்று போன ஞாயிறு சொல்லிவிட்டேன். அவர் வரட்டும் என்றும் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. அதை ஒட்டிய சந்தில் மூன்றாவது கட்டடம். இரண்டாவது மாடி, இடது பக்கக் கதவு. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, படிதான். கதவைத் தட்டிவிட்டுப் பொறுமையாக நில். அவர் எழுந்து வந்து திறக்க நேரமாகும்.

அக்கா